ஹீட் ட்ரீட்மெண்ட் உலைகள்: பட்டறைக்காரர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

கோவையில் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் ஒரு ஹீட் ட்ரீட்மெண்ட் கூடத்தில், அதாவது எஃகைச் சூடாக்கிக் குளிர்வித்துப் பதமாக்கும் இடத்தில், வேலை பார்க்கிறேன். பம்ப் ஷாஃப்ட், கியர், டை, போல்ட் என்று கொண்டுவருகிறவர்களில் பெரும்பாலோர் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருப்பவர்கள். ஜாபை இறக்கி வைத்த கையோடு கேட்கும் சந்தேகங்கள் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதிப் பதில் சேர்த்திருக்கிறேன். முதலில் எளியவை, போகப்போகச் சிக்கலானவை.

இரும்பைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்குவதுதானே ஹார்டனிங்? அதற்கு எதற்கு இத்தனை லட்ச ரூபாய் உலை?

அடிப்படையில் அதுதான். கொல்லுப்பட்டறையில் அரிவாளுக்குத் தோய்ச்சல் போடுவதும் இதே வேலைதான். எஃகை 727 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கும்போது அதன் அணுக்களின் அடுக்கு மாறி, அதிலுள்ள கார்பன் கரையத் தொடங்குகிறது. இந்த நிலைக்கு ஆஸ்டெனைட் என்று பெயர். அங்கிருந்து சட்டென்று குளிர்வித்தால் கார்பன் பிரிந்து வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே சிக்கி, அடுக்கை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்த இறுக்கம்தான் மார்ட்டென்சைட், அதுதான் கடினம். மெதுவாக ஆறவிட்டால் எஃகு பழையபடி மென்மையாகிவிடும்.

கொல்லர் ஓர் அரிவாளை நிறம் பார்த்துச் செய்கிறார். கண் தவறினால் ஓர் அரிவாள் கெடும். உலையில் ஒரே சுற்றில் நானூறு கியர் போகின்றன. நானூறும் ஒரே வெப்பத்தில், ஒரே நேரம், ஒரே வாயுச் சூழலில் இருந்து வெளியே வர வேண்டும். அடுத்த மாதம் வரும் நானூறும் அப்படியே வர வேண்டும். உலையின் விலையில் பெரும்பகுதி இந்தச் சீருக்காகத்தான் போகிறது.

மைல்ட் ஸ்டீலில் பின் செய்திருக்கிறேன். 55 எச்.ஆர்.சி. கொடுங்கள் என்றால் முடியாது என்கிறீர்களே?

எச்.ஆர்.சி. என்பது ராக்வெல் சி என்ற கடின அளவு, எண் கூடினால் கடினம் கூடுகிறது என்று பொருள். எஃகு எவ்வளவு கடினமாகும் என்பதற்கு உச்சவரம்பு வைப்பது அதிலுள்ள கார்பன். சுமார் 0.4 சதவீதம் இருந்தால் நன்றாகக் குளிர்வித்த நிலையில் 55 எச்.ஆர்.சி.க்கு மேல் போகலாம். 0.6 இருந்தால் 60-ஐத் தாண்டலாம். மைல்ட் ஸ்டீலில் இருப்பது 0.2-ஐ ஒட்டித்தான். எந்த உலையில் போட்டாலும், எதில் முக்கினாலும், அந்தப் பின் உங்கள் எண்ணைத் தொடாது.

வழி இல்லாமல் இல்லை. கார்பரைசிங் செய்தால் வெளியிலிருந்து கார்பனை உள்ளே புகுத்தலாம். மேல்தோல் மட்டும் 58, 60 என்று வரும், நடு மென்மையாகவே இருக்கும். தேய்மானம் மட்டுமே பிரச்சினை என்றால் இதுவே போதும். பின் முழுக்கச் சுமை தாங்க வேண்டும் என்றால் எஃகையே மாற்றிச் செய்யுங்கள்.

ஈஎன் 8-க்கும் ஈஎன் 24-க்கும் கார்பன் ஒரே அளவுதானே? பிறகு ஏன் விலையில் இத்தனை வித்தியாசம்?

ஈஎன் எண்கள் எஃகின் தரங்களைக் குறிப்பவை. இந்த இரண்டிலும் சுமார் 0.4 சதவீதம்தான். கார்பன் தீர்மானிப்பது தோலின் கடினத்தை. அந்தக் கடினம் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதைத் தீர்மானிப்பவை நிக்கல், குரோமியம், மாலிப்டினம் போன்ற கலப்புகள். ஈஎன் 24-ல் இந்த மூன்றும் உண்டு. அதனால் தடித்த ஷாஃப்ட்டும் எண்ணெயில் சற்று நிதானமாகக் குளிர்ந்தே ஆழம் வரை பதமாகிறது. ஈஎன் 8-ல் இவை இல்லாததால் 12 மி.மீ. கம்பி நன்றாக வரும், 80 மி.மீ. ஷாஃப்ட்டில் மேலே கொஞ்சம் மட்டும் கடினமாகி உள்ளே மென்மையாக நின்றுவிடும். விட்டத்தைச் சொல்லாமல் எஃகின் பெயரை மட்டும் சொல்லிக் கடினம் கேட்பவர்களுக்கு உறுதி கொடுக்க முடியாமல் போவது இதனால்தான்.

ஜாபோடு அனுப்பும் செலானில் "ஹார்டனிங், 58–62" என்று எழுதினால் போதாதா?

போதாது. எஃகின் தரம், முடிந்தால் மில் சான்றிதழ், எந்த இடத்தில் கடினம் வேண்டும், கார்பரைசிங் என்றால் எத்தனை மி.மீ. ஆழம், பிறகு கிரைண்டிங் உண்டா, ஜாப் எங்கே ஓடப்போகிறது. இவ்வளவும் வேண்டும். கடைசியாகச் சொன்னதை யாரும் எழுதுவதில்லை. ஆனால் எங்களுக்கு மிக அதிகம் உதவுவது அதுதான். அடி வாங்கும் ஜாபுக்கும் உராயும் ஜாபுக்கும் ஒரே எண் கேட்டாலும் நாங்கள் தேர்ந்தெடுக்கும் டெம்பரிங், அதாவது ஹார்டனிங்குக்குப் பின் நொறுங்கும் குணத்தைக் குறைக்க மறுபடி மிதமாகச் சூடாக்குவது, வேறாக இருக்கும்.

இரண்டு தரத்து எஃகைக் கலந்து ஒரே மூட்டையில் அனுப்பாதீர்கள். லேத்தில் கடைந்த பிறகு ஈஎன் 8-ம் கார்பன் மிகுந்த ஈஎன் 31-ம் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். உலைக்குள் போனால் ஒன்று மென்மையாக வரும், இன்னொன்று வெடித்து வரும். சந்தேகம் இருந்தால் கிரைண்டரில் பொறி பார்த்துப் பிரிக்கலாம், ஸ்பெக்ட்ரோ சோதனை செய்தால் இன்னும் நிச்சயம்.

பிட், சீல்டு குவென்ச், மெஷ் பெல்ட், வேக்குவம் என்கிறார்கள். என் ஜாபுக்கு எந்த உலை?

பிட் உலை என்பது தரையில் குழியாக இறக்கிய உருளை. ஜாபை மேலிருந்து தொங்கவிடுவார்கள். நீளமான ஷாஃப்ட்டுகளுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. படுக்கவைத்தால் 850 டிகிரியில் ஷாஃப்ட் தன் எடையிலேயே தொய்ந்துபோகும், தொங்கவிட்டால் நேராக நிற்கும். இதன் குறை, வெளியே தூக்கி எண்ணெய்த் தொட்டிக்குக் கொண்டுபோகும் அந்தச் சில நொடிகளில் ஜாப் வெறும் காற்றைச் சந்திப்பதுதான்.

சீல்டு குவென்ச் உலையில் சூடேறும் அறையும் எண்ணெய்த் தொட்டியும் ஒரே கூட்டுக்குள் இருக்கும். பாதுகாப்பு வாயுவை விட்டு வெளியே வராமலேயே ஜாப் எண்ணெயில் இறங்கிவிடும். கியர்களுக்கும் கார்பரைசிங் வேலைக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். மெஷ் பெல்ட்டில் கம்பிவலைப் பட்டை ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்குரூ, வாஷர், சிறிய போல்ட் போன்றவை ஒருபுறம் ஏறி மறுபுறம் எண்ணெயில் விழும். ஒரே வகை ஜாப் டன் கணக்கில் இருந்தால்தான் கட்டுப்படியாகும்.

வேக்குவம் உலை டை, மோல்டு, விலையுயர்ந்த கருவி எஃகுகளுக்கு. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சூடாக்கி, 2 முதல் 10 பார் அழுத்தத்தில் நைட்ரஜனை வீசிக் குளிர்விப்பார்கள். ஜாப் போனபடியே பளபளவென்று வரும். டி2, எச்13 போன்ற எஃகுகள் வாயுவிலேயே பதமாகும் என்பதால் அவற்றுக்குச் சரி. ஈஎன் 8-ஐக் கொண்டுவந்து வேக்குவத்தில் போடச் சொல்கிறவர்களும் உண்டு. அதற்கு வாயுக் குளிர்ச்சியின் வேகம் போதாது. பணமும் போய், கடினமும் வராது.

மீட்டர் 850 காட்டுகிறது. அப்படியென்றால் ஜாபும் 850-ல் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் குறைவு. எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி இது. மீட்டர் காட்டுவது வெப்பத்தை உணரும் தெர்மோகப்பிளின் நுனி இருக்கும் இடத்தின் வெப்பத்தை மட்டுமே. ஜாப் அங்கிருந்து ஒரு முழம் தள்ளி, மற்ற ஜாப்களின் நடுவே இருக்கிறது. ட்ரேயில் நெருக்கி அடுக்கிய சுமையைப் பார்வைத் துளை வழியே கவனித்தால் தெரியும்: வெளிவரிசை ஆரஞ்சு நிறத்தில் இருக்கும்போது நடுவரிசை இன்னும் மங்கிய சிவப்பில், நிழல்போலத் தெரியும். வரிசைகளுக்கு இடையே அந்த நிற வித்தியாசம் மறைந்த பிறகுதான் சோக்கிங் நேரத்தை, அதாவது ஜாப் அந்த வெப்பத்தில் ஊறும் நேரத்தை, எண்ணத் தொடங்க வேண்டும். மீட்டர் 850-ஐத் தொட்ட நொடியிலிருந்து எண்ணினால் நடுவில் இருப்பவை அரைவேக்காடுதான்.

தெர்மோகப்பிளும் பொய் சொல்லும். கே வகைத் தெர்மோகப்பிள் வயதாக ஆகக் குறைத்துக் காட்டுவது வழக்கம். கட்டுப்பாட்டுக் கருவி அதை நம்பி உலையை மேலும் சூடாக்கும். இன்னொரு பிழை கேபிளில். தெர்மோகப்பிளின் தலையிலிருந்து கருவி வரை அதற்கென்று உள்ள காம்பன்சேட்டிங் கேபிள்தான் போட வேண்டும். அவசரத்துக்குச் சாதாரணச் செம்புக் கம்பியை இணைத்துவிடுவார்கள். தலை உலைச் சுவரின் சூட்டில் 70 டிகிரி, கருவி இருக்கும் இடம் 35 டிகிரி என்றால், மீட்டர் 35 டிகிரி குறைவாகக் காட்டும். மீட்டரில் 850, உள்ளே 885. எந்த அலாரமும் அடிக்காது.

இதைப் பிடிக்கத்தான் உலையின் மூலைகளிலும் நடுவிலுமாக ஒன்பது தெர்மோகப்பிள் வைத்து வெப்பச்சீர் சோதனை செய்கிறார்கள். வானூர்தித் துறையின் ஏ.எம்.எஸ். 2750 விதியில் இரண்டாம் வகுப்பு உலை என்றால் எல்லா மூலையும் 6 டிகிரி ஏற்ற இறக்கத்துக்குள் இருக்க வேண்டும், ஐந்தாம் வகுப்பில் 14 டிகிரி. ஜாப் கொடுக்கும் இடத்தில் இந்தச் சோதனையின் கடைசி அறிக்கையைக் கேட்டுப் பாருங்கள். தயங்காமல் எடுத்துக் காட்டுகிறவரிடம் கொடுங்கள்.

சரி, எவ்வளவு நேரம் உள்ளே வைக்க வேண்டும்? கூடுதலாக வைத்தால் நல்லதுதானே?

பழைய கணக்கு, 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மணி நேரம். தொடக்கத்துக்கு நல்ல கணக்குதான், ஆனால் அந்த மணி எங்கே தொடங்குகிறது என்பதை மேலே சொன்னபடி பாருங்கள். கூடுதலாக வைப்பது நல்லதல்ல. வெப்பமும் நேரமும் மிகுந்தால் எஃகின் மணிகள், அதாவது அதன் நுண்படிகங்கள், பெருத்துப்போகும். கடினம் சரியாகவே காட்டும். ஆனால் அடி விழுந்தால் சொரசொரப்பாக, சர்க்கரைபோல மின்னும் முறிவோடு உடையும்.

ஜாப் கறுத்து, செதில் உதிர்ந்து வருகிறது. இது வெறும் அழகுப் பிரச்சினையா?

செதில் கண்ணுக்குத் தெரிகிற நட்டம். கண்ணுக்குத் தெரியாத நட்டம் அதன் அடியில் இருக்கிறது. உலைக்குள் காற்று இருந்தால் ஆக்சிஜன் இரும்போடு சேர்ந்து செதிலாகிறது, கூடவே தோலில் உள்ள கார்பனையும் எரித்து எடுத்துப்போய்விடுகிறது. கார்பன் போன தோல் மைல்ட் ஸ்டீல் மாதிரிதான். தேய வேண்டாத இடமே முதலில் தேயும். ஸ்பிரிங்காக இருந்தால் விரிசல் அந்தத் தோலில்தான் தொடங்கும்.

அதனால்தான் நைட்ரஜனும் மெத்தனாலும், அல்லது எண்டோ வாயுவும் விடுகிறோம். எண்டோ வாயு என்பது ஏறக்குறைய 40 சதவீதம் நைட்ரஜன், 40 ஹைட்ரஜன், 20 கார்பன் மோனாக்சைடு. வெறும் காற்றுள்ள மஃபிள் உலைதான் உங்களுக்குக் கிடைக்கிறது என்றால், ஒரு பக்கத்துக்கு 0.3 மி.மீ. ஆவது கூடுதலாக வைத்துக் கடைந்து, ஹார்டனிங்குக்குப் பின் கிரைண்டிங்கில் அந்தத் தோலை எடுத்துவிடுங்கள். முடித்த அளவில் கொண்டுவந்து மஃபிளில் போடச் சொன்னால் நான் திருப்பித்தான் அனுப்புவேன்.

கார்பரைசிங்கில் நான்கு மணி நேரத்தில் 1.2 மி.மீ. ஆழம் வந்தது. 2.4 வேண்டும் என்றால் எட்டு மணி நேரம்தானே?

இல்லை, பதினாறு மணி நேரம். கார்பன் எஃகுக்குள் ஊறிப்போகும் ஆழம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 925 டிகிரியில் மொத்த ஆழம் மி.மீ.யில் சுமார் 0.635 பெருக்கல் மணி நேரத்தின் வர்க்கமூலம். ஒரு மணிக்கு 0.6 ஒட்டி, நான்கு மணிக்கு 1.27, பதினாறு மணிக்கு 2.54. ஆழத்தை இரட்டிப்பாக்க நேரம் நான்கு மடங்கு. கட்டணமும் அதனோடு ஏறும். ஆகவே வரைபடத்தில் பாதுகாப்புக்காக ஆழத்தைக் கூட்டிப் போடுவதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள்.

இது மொத்த ஆழம் என்பதையும் கவனியுங்கள். வாகனக் கம்பெனிகள் கேட்பது பெரும்பாலும் பயனுறு ஆழம், அதாவது கடினம், விக்கர்ஸ் என்ற இன்னொரு அளவில், 550-க்கு இறங்கும் இடம் வரை. அது மொத்த ஆழத்தைவிடக் குறைவு. செலானில் எது என்று எழுதாமல், கடினத் தோலைக் குறிக்க "கேஸ் 1.0" என்று மட்டும் எழுதினால் தகராறு நிச்சயம்.

ஆக்சிஜன் புரோப் எதற்கு? அது இல்லாமலேயே பல இடங்களில் கார்பரைசிங் செய்கிறார்களே?

செய்கிறார்கள். சொட்டுச்சொட்டாகத் திரவத்தை விட்டு, வெளியேறும் வாயு எரியும் சுடரைப் பார்த்து ஓட்டுகிற அனுபவசாலிகள் இருக்கிறார்கள். அவர்கள் திறமைமேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் சுடர் கார்பனின் அளவைச் சொல்லாது. தோலில் கார்பன் 0.8 சதவீதத்தை ஒட்டி நின்றால் நல்லது. ஒரு சதவீதத்தைத் தாண்டிப் போனால் மணிகளின் எல்லைகளில் கார்பைடு வலைபோலப் படியும், கியர் பல் ஓரத்தில் பொடிந்துபோகும். உலையில் புகைக்கரியும் சேரும். ஜிர்கோனியாவால் ஆன ஆக்சிஜன் புரோப் உள்ளே மிச்சமிருக்கும் ஆக்சிஜனை மில்லிவோல்ட்டாகச் சொல்கிறது, அதிலிருந்து கார்பன் கணக்காகிறது. புரோப்பின் நுனியில் கரி படிந்தால் அதுவும் தவறாகக் காட்டும். அதனால் மெல்லிய எஃகுத் தகட்டை உள்ளே வைத்து எடுத்து, எடை கூடியதைக் கொண்டு அவ்வப்போது சரிபார்க்க வேண்டும்.

எண்ணெயில் 52 வந்தது. தண்ணீரில் போட்டால் 58 வருமல்லவா? அப்படியே போடுங்கள்.

வரலாம், இரண்டு துண்டாகவும் வரலாம். தண்ணீர் வேகமாக வெப்பத்தை இழுக்கிறது. தோல் முதலில் சுருங்கி இறுகிவிடும், நடு பின்னால் மார்ட்டென்சைட்டாகி விரியப் பார்க்கும். அந்த இழுபறியில் சாவிப்பள்ளம், கூர்மூலை, விளிம்பை ஒட்டிய துளை ஆகிய இடங்களில் பிளக்கும். எளிய வடிவமுள்ள ஈஎன் 8-க்குத் தண்ணீர் பரவாயில்லை. ஈஎன் 24-க்கும் ஈஎன் 31-க்கும் கேட்கவே வேண்டாம். 52 ஏன் வந்தது என்பதை முதலில் தேடுங்கள்: எஃகு சரியா, சோக்கிங் போதுமா, தோலில் கார்பன் போய்விட்டதா, எண்ணெயின் கலக்கி ஓடியதா?

எண்ணெய் குளிர்ந்திருந்தால் நல்லது என்று நினைப்பதும் தவறு. 60 முதல் 80 டிகிரியில் அது இளகி, ஜாபைச் சுற்றியுள்ள ஆவிப்போர்வையை உடைத்துக்கொண்டு நன்றாக ஓடும். அந்த எண்ணெயில் தண்ணீர் மட்டும் கலக்கவே கூடாது. 0.1 சதவீதமே அதிகம். சூடான தகட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பாருங்கள். அமைதியாகப் புகைந்தால் சரி, படபடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது.

டெம்பரிங்கை நாளைக்குச் செய்யலாமா? இன்று ஹார்டனிங் மட்டும் முடித்துக் கொடுங்கள்.

நாளை வரை வைத்தால் இரவிலேயே வெடித்துக்கிடக்கும் ஜாப்கள் உண்டு, குறிப்பாகக் கார்பன் அதிகமுள்ளவை. குளிர்வித்து, கையால் தொடும் சூட்டுக்கு வந்தவுடன் டெம்பரிங் உலைக்குப் போக வேண்டும். கார்பரைசிங் செய்த கியருக்கு 150 முதல் 200 டிகிரி, அடி தாங்க வேண்டிய ஈஎன் 24 ஷாஃப்ட்டுக்கு 550 முதல் 650 வரை. இடையில் 250 முதல் 400 வரையிலான பகுதியைப் பெரும்பாலான எஃகுகளில் தவிர்க்கிறோம். கடினம் இறங்கும், ஆனால் அதற்கு ஈடாகக் கிடைக்க வேண்டிய உறுதி கிடைக்காது, எஃகு நொறுங்கும் குணத்துக்குப் போகும். ஹைஸ்பீடு ஸ்டீலுக்கும் எச்13-க்கும் ஒருமுறை போதாது, இரண்டு மூன்று முறை செய்கிறோம். முதல் டெம்பரிங்கிலிருந்து ஆறும்போது புதிதாக மார்ட்டென்சைட் உருவாகும், அதற்கும் டெம்பரிங் வேண்டும்.

ஜாப் விரிசலோடு வந்தது. உலைதானே காரணம்? நட்டத்தை யார் கொடுப்பது?

சண்டைக்கு முன் விரிசலைத் திறந்து பார்ப்போம். ஜாபை வைஸில் பிடித்து விரிசல் வழியாகவே உடைக்க வேண்டும். உள்முகம் கறுத்துச் செதில் படிந்திருந்தால் அந்த விரிசல் ஹார்டனிங் சூட்டுக்கு முன்பே இருந்தது. ஃபோர்ஜிங்கின் மடிப்பாக இருக்கலாம், கம்பியிலேயே இருந்த கோடாக இருக்கலாம். உள்முகம் செதில் இல்லாமல் வைக்கோல் நிறமாகவோ நீலமாகவோ, எண்ணெய்க் கறையோடோ இருந்தால், அது குளிர்விக்கும்போது பிளந்து டெம்பரிங்கில் நிறம் ஏறியது. சாம்பல் நிறத்தில் புத்தம் புதிதாக மின்னினால் அது எங்களிடமிருந்து போன பிறகு, பெரும்பாலும் கிரைண்டிங்கில் வந்தது. உடைத்தவுடன் அந்த நிறத்தைப் புகைப்படம் எடுத்துவிடுங்கள், துரு ஏறினால் சாட்சி போய்விடும்.

குளிர்விக்கும்போது பிளந்தது என்றே தெரிந்தாலும் அடுத்துப் பார்க்க வேண்டியது வரைபடம். கூர்மூலையில் 1 மி.மீ. வளைவு கொடுத்திருந்தாலே பிழைத்திருக்கும் ஜாப்கள் ஏராளம். லேத்தில் டூல் விட்ட ஆழமான கோடும், ஆழமாக அடித்த எண் முத்திரையும்கூட விரிசலுக்கு வழி திறக்கும்.

அளவு மாறாமல் ஹார்டனிங் செய்து தர முடியுமா?

மாறாமல் முடியாது, எவ்வளவு மாறும் என்று தெரிந்து செய்ய முடியும். மார்ட்டென்சைட் முந்தைய நிலையைவிட அதிக இடம் எடுக்கிறது. 100 மி.மீ.க்கு 0.1 மி.மீ. வளர்வது சாதாரணம். வளைவு வேறு விஷயம். அது பெரும்பாலும் கடைசலில் ஏற்றிய உள் அழுத்தம் சூட்டில் அவிழ்வதால் வருகிறது. முரட்டுக் கடைசல் முடிந்ததும் 600 டிகிரியை ஒட்டி ஒரு ஸ்ட்ரெஸ் ரிலீவிங் செய்து, பிறகு நுண்கடைசல் செய்தால் பாதித் தொல்லை தீரும்.

அளவே முக்கியம், கடின ஆழம் கொஞ்சம் போதும் என்றால், தோலில் நைட்ரஜனை ஏற்றும் நைட்ரைடிங் செய்யுங்கள். 500 முதல் 570 டிகிரிக்குள் அமோனியாவில் செய்வது, எஃகு ஆஸ்டெனைட்டாக மாறுவதே இல்லை, எண்ணெயில் முக்குவதும் இல்லை. ஆனால் சில பத்தில் ஒரு மி.மீ. ஆழத்துக்கே நாள் கணக்கில் ஆகும், எஃகில் குரோமியமோ அலுமினியமோ இருந்தால்தான் நல்ல கடினமும் வரும்.

நீங்கள் 60 என்று சீட்டு கொடுத்தீர்கள். என் மெஷினில் 52 காட்டுகிறது. யார் பொய்?

இரண்டு பேரும் உண்மை சொல்லலாம். ராக்வெல் சி அளவில் வைரக் கூம்பு 150 கிலோ சுமையோடு இறங்குகிறது. 60 எண்ணுக்கு அது இறங்கும் ஆழம் 0.08 மி.மீ. சரியான எண் வர, கடினத் தோல் அதைப்போல் பத்து மடங்காவது, அதாவது 0.8 மி.மீ. இருக்க வேண்டும். 0.3 மி.மீ. கேஸ் உள்ள ஜாபில் கூம்பு தோலோடு சேர்ந்து அடியிலுள்ள மென்மையையும் அழுத்துகிறது, எண் குறையும். அதற்கு விக்கர்ஸோ, 15 கிலோ சுமையுள்ள மேற்பரப்பு ராக்வெல்லோதான் சரி.

மற்ற காரணங்கள்: செதிலைத் தேய்க்காமல் அளப்பது, கார்பன் போன தோலின்மேல் அளப்பது, சிறிய விட்டமுள்ள உருளையின்மேல் அளந்து திருத்தம் கூட்டாமல் விடுவது, அடிப்பக்கம் பிசிறோடு ஆடும் ஜாப். முதலில் சான்றளித்த சோதனைக் கட்டையை வைத்து இரண்டு மெஷினையும் ஒப்பிடுவோம், பிறகு பேசுவோம்.

டி2-வில் செய்த கேஜ், அளவு சரிபார்க்கும் கருவி. கொடுத்தபோது சரியாக இருந்தது, சில மாதம் கழித்து மைக்ரான் கணக்கில் வளர்ந்துவிட்டது. எப்படி?

கார்பனும் குரோமியமும் மிகுந்த எஃகுகளில், அறை வெப்பத்துக்குக் குளிர்வித்த பிறகும் ஆஸ்டெனைட்டில் ஒரு பகுதி மாறாமல் தங்கிவிடும். அது பின்னாளில் கொஞ்சம் கொஞ்சமாக மார்ட்டென்சைட்டாகும்போது ஜாப் வளர்கிறது. ஹார்டனிங் வெப்பம் தேவைக்கு மேல் போயிருந்தால் தங்குவதும் அதிகம். மீட்டர் பொய் சொல்வதைப் பற்றி மேலே எழுதியது இங்கே நேரடியாக வந்து நிற்கிறது. கேஜுக்கும் துல்லியமான டைக்கும் குளிர்வித்த கையோடு மைனஸ் 80 டிகிரிக்கோ, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196-ஐ ஒட்டியோ கொண்டுபோய், பிறகு டெம்பரிங் செய்ய வேண்டும். ஒரு வாரம் கழித்துக் கொண்டுவந்தால் பலன் குறைவு, அதற்குள் ஆஸ்டெனைட் நிலைத்துவிடும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் அலுமினியத்தையும் இதே உலையில் போடலாமா?

304, 316 வகை ஸ்டெயின்லெஸ் குளிர்விப்பதால் கடினமாகாது. 420, 440சி ஆகும். அலுமினியத்துக்குத் தனி உலை வேண்டும். 6061-ஐ 530 டிகிரியில் வைத்துத் தண்ணீரில் முக்கி, பிறகு 160 முதல் 175 டிகிரியில் பல மணி நேரம் முதிர வைக்கிறார்கள். அது 582 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும், சிவந்து எச்சரிக்கை கொடுக்கவும் செய்யாது.

மாதம் இவ்வளவு கட்டணம் உங்களுக்குக் கொடுப்பதற்குப் பதில் நானே ஓர் உலை போட்டுவிட்டால் என்ன?

தாராளமாகக் கணக்குப் போடுங்கள், ஆனால் முழுக் கணக்காகப் போடுங்கள். ஒரு டன் எஃகை 900 டிகிரிக்குக் கொண்டுபோக எஃகுக்கு மட்டும் சுமார் 175 யூனிட் மின்சாரம் தேவை. அதனோடு ட்ரேயும் தாங்கிகளும் ஒவ்வொரு முறையும் சூடாகி ஆறுகின்றன, அவற்றின் எடை பல சமயம் சுமையில் மூன்றில் ஒரு பங்கு. சுவர் வழியாகப் போவது தனி. நிக்கல் குரோமியம் வார்ப்பான அந்த ட்ரேக்கள் சூடும் எண்ணெயும் மாறி மாறிப் பட்டு விரிசல் விட்டுத் தீர்ந்துபோகும், அதை மாதச் செலவாகவே எழுதுங்கள். உலையை வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஏற்றி இறக்கினால் செங்கலும் ஹீட்டர் கம்பியும் சீக்கிரம் கெடும். இரவு பகலாக நிரப்பும் அளவுக்கு ஜாப் இல்லையென்றால் பெரிய உலை வேண்டாம். டெம்பரிங்குக்கும் ஸ்ட்ரெஸ் ரிலீவிங்குக்கும் சிறிய உலை ஒன்று வைத்துக்கொள்வது பல பட்டறைகளுக்கு நல்ல தொடக்கம்.

ஓட்டும்போது கரண்ட் போனால் ஆபத்தா?

வெறும் மஃபிள் என்றால் ஜாப் கெடும், அவ்வளவுதான். எரியும் வாயு உள்ள உலையில் ஆபத்து நிஜமானது. உள்ளே வெப்பம் 760 டிகிரிக்குக் கீழே இறங்கினால், வாயுவும் காற்றும் கலந்தவுடன் எரிந்து தீராமல் சேர்ந்து, பிறகு ஒரே அடியாக வெடிக்கலாம். அதனால் அந்த வெப்பத்துக்கு மேல்தான் வாயுவை உள்ளே விட வேண்டும். கீழே இறங்கினால் உலையின் கொள்ளளவைப் போல் ஐந்து மடங்கு நைட்ரஜன் செலுத்திக் கழுவ வேண்டும். நைட்ரஜன் வால்வு கரண்ட் இல்லாதபோது தானாகத் திறக்கும் வகையாக இருப்பது கட்டாயம்.

அதைவிட நான் அஞ்சுவது, சிவந்த சுமை எண்ணெயில் பாதி இறங்கிய நிலையில் லிஃப்ட் நின்றுபோவதை. முழுக்க மூழ்கிவிட்டால் தீ இல்லை. பாதி மேலே நின்றால் எண்ணெயின் மேற்பரப்பு பற்றிக்கொள்ளும். கையால் இறக்கும் ஏற்பாடு இல்லாத தொட்டியில் வேலை செய்ய ஆட்களை அனுப்பாதீர்கள். தொட்டியின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் அது நீராவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்கு விரிந்து எண்ணெயைக் கூரைவரை தூக்கி வீசும். முன்பு சொன்ன சொட்டுச் சோதனையை ஒவ்வொரு ஷிஃப்டிலும் செய்யச் சொல்வது இந்தக் காரணத்துக்காகவும்தான்.

மென்மையாக வந்த ஜாபை மறுபடியும் ஹார்டனிங் செய்யலாமா?

காரணம் தெரிந்தால் ஒருமுறை செய்யலாம். காரணம் எஃகே தவறு என்றால் பத்து முறை செய்தும் பயனில்லை. ஹைஸ்பீடு ஸ்டீலை நேரடியாக மறுபடி ஹார்டனிங் செய்யக் கூடாது, இடையில் முழுமையாக அனீலிங் செய்தாக, அதாவது சூடாக்கி மெதுவாக ஆறவிட்டு மென்மையாக்கியாக, வேண்டும். இல்லையென்றால் மணிகள் தாறுமாறாகப் பெருத்து, கருவி கண்ணாடிபோல் உடையும். எந்த ஜாபானாலும் மறுமுறை போகும்போது வளைவும் விரிசல் அபாயமும் கூடும். முதல் முறை நடந்ததை மறைத்து வேறு இடத்தில் கொடுக்காதீர்கள், அங்கே உலை ஓட்டுகிறவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

12.9 தரத்துப் போல்ட். கடினம் சரி, விரிசல் சோதனையும் சரி. ஜிங்க் ப்ளேட்டிங் செய்து முறுக்கி வைத்தோம், மறுநாள் தலை தானாகத் தெறித்துக் கிடந்தது. ஹார்டனிங் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. ப்ளேட்டிங்குக்கு முன் அமிலத்தில் கழுவும்போதும், மின்முலாம் ஏறும்போதும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுகிறது. மென்மையான எஃகு அதைப் பொறுத்துக்கொள்ளும். 39, 40 எச்.ஆர்.சி.க்கு மேல் போனால் பொறுக்காது. முறுக்கிய அழுத்தம் உள்ள இடத்துக்கு ஹைட்ரஜன் மெல்ல நகர்ந்து சேர்ந்து, சில மணி நேரமோ சில நாளோ கழித்து முறிக்கும். 12.9 தரத்தின் கடினம் 39 முதல் 44 வரை என்பதால் அது சரியாக இந்த அபாயப் பகுதிக்குள் நிற்கிறது. அதைவிட மென்மையான 8.8 தரப் போல்ட்டில் இந்தப் புகார் வராததன் காரணமும் இதுதான்.

ப்ளேட்டிங் முடிந்த நான்கு மணி நேரத்துக்குள் 190 முதல் 220 டிகிரியில் குறைந்தது நான்கு மணி நேரம், கடினம் கூடினால் அதற்கு மேலும், பேக்கிங் செய்ய வேண்டும், அதாவது ஹைட்ரஜன் வெளியேற அந்தச் சூட்டில் வைக்க வேண்டும். ப்ளேட்டிங் கடையில் கொடுக்கும்போதே போல்ட்டின் கடினத்தைச் சொல்லிவிடுங்கள். பேக்கிங் வெப்பம் டெம்பரிங் வெப்பத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே எத்தனை டிகிரியில் டெம்பர் செய்தோம் என்று எழுதிய எங்கள் சீட்டின் நகலையும் மூட்டையோடு வைத்து அனுப்புங்கள்.